மூன்றாவது கங்கு

ஜும்ரா மதினியை எங்கள் மலைமேட்டு ஊரான லோபூஷாவில் எல்லோரும் "பெட்டிக்காரி" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவள் மதினி முறை. என் அப்பாவும் அவள் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள், என் அப்பா இளையவர். அந்தப் பெரியப்பாவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஹில்மோ, அவன்தான் இவளைக் கட்டியவன். இளையவன் பெச்சிர். நடுவில் ஒரு பெண் பிறந்து நாலு வயசில் அம்மை போட்டுப் போய்விட்டது. அதன் பேரும் ஜும்ராதான். அதனால் மருமகளாக இவள் வந்தபோது எங்கள் பெரியம்மாவுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். சாகிறவரை ஏ பொண்ணுதான்.

மதினி பிறந்த ஊர் பொத்கோரா. மேட்டின் கிழக்கு ஓரம், நடந்தால் இரண்டு மணி நேரம், பனியில் நாலு. அவளுக்கு ஒரே தம்பி, நாஸிஃப். தாய் பிரசவத்தோடு போய்விட்டதால் எட்டு வயசுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பால் கறந்தாளாம். கல்யாணத்தன்று அந்தப் பையன் வண்டிக்குப் பின்னால் பாதி வழி ஓடி வந்தான். நான் பார்த்தேன். கடைசியில் ஹில்மோவே இறங்கிப் போய் அவனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டான். பத்து நாள் இங்கே இருந்துவிட்டுத்தான் போனான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. யார் மேல் குறை என்று எங்கள் பெண்கள் நிறையப் பேசினார்கள். அதையெல்லாம் எழுத வேண்டாம்.

பெட்டி வந்தது ஹில்மோ காலத்தில். தலைநகரத்து வானிலை ஆபீசிலிருந்து லாரி வந்தது. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் கேட்டு வேலி போட்டார்கள். உள்ளே நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டி, பலகைச் சன்னல் மாதிரிப் பக்கம் வைத்தது. அதற்குள் சூடும் குளிரும் காட்டுகிற கண்ணாடிக் குழாய்கள். வெளியே மழை பிடிக்கிற தகரக் குவளை, பனி அளக்கிற கோல். பெட்டிக்கு அடியில் மண்ணுக்குள் குத்தி வளைத்து வைத்த இன்னொரு கண்ணாடிக் குழாய், மண்ணின் சூடு பார்க்க. காலை ஏழு, மதியம் இரண்டு, ராத்திரி ஒன்பது, மூன்று வேளையும் பார்த்து நோட்டில் எழுதிக் காலையில் போன் போட்டுச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த ஒரே ஆள் ஹில்மோதான், அதனால் அவனுக்கு அந்த வேலை.

ஹில்மோவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் இழுத்தது. அவன் போன பிறகு ஆபீஸ்காரர்கள் பெட்டியைக் கழற்ற வந்தார்கள். மதினி நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். "ரெண்டு வருஷமா யாரு எழுதினதுன்னு நினைச்சீங்க? படுத்துக் கெடந்தவரா?" என்றாள். அவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஹில்மோ எழுத்தைவிட நன்றாக இருந்தது. பெட்டி நின்றது, மதினியும் நின்றாள். கொழுந்தன் பெச்சிரோடு ஒரே முற்றம், ஒரே உலை. பெச்சிர் மனைவி தீகா சமைப்பாள், மதினி பால் காய்ச்சிப் பாலாடைக் கட்டி போடுவாள். அப்படி ஓடியது.

எங்கள் மேட்டில் குளிரைப் பற்றிச் சொல்லாத ஆள் கிடையாது. கிடாய் அறுத்தால் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒருத்தன் சொல்வான். ஆகஸ்டில் எத்தனை மூடுபனி என்று விரல் விட்டு இன்னொருத்தன் சொல்வான். சொன்னது நடக்காவிட்டால் யாரும் போய்க் கேட்க மாட்டார்கள், அடுத்த வருஷமும் அதே ஆளிடம் அதே கேள்வி. மதினியிடம் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்.

"வந்தத எழுதறவ நான். வரப்போறத அல்லாகிட்டப் போய்க் கேளு."

"அப்புறம் எதுக்கு அந்தப் பெட்டி?"

"வந்துச்சான்னு பாக்கத்தான்."

"கோழி முட்டை போட்டுட்டு எந்திரிச்ச பிறகு, ஆமா இது முட்டைன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு போனு" என்று காபிக் கடையில் சிரிப்பார்கள். மதினிக்கும் சிரிப்பு வரும். ஆனால் மறந்தும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். அவள் வாயிலிருந்து வந்தால் அது பெட்டியே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

அந்தக் கோடையில் மழை இல்லை. இடுப்பளவு நிற்கிற புல் முழங்காலைத் தொடவில்லை. வழக்கமாகப் பெச்சிர் குளிர்காலத்துக்கு நாலு காய்ந்த புல் போர் போடுவான், நடுக்கம்பு நட்டுச் சுற்றி மிதித்து வீட்டுக் கூரை உயரத்துக்கு. அந்த வருஷம் இரண்டுதான் தேறியது. அவனிடம் அறுபத்து நாலு பெண்ணாடு. அத்தனையும் சினையாகப் போகிற ஆடு. விற்கலாம் என்றால் மேடு முழுக்க விற்க நின்றது, வாங்க ஆளில்லை. தோல் விலைக்குக் கேட்டான் ஒருத்தன். பெச்சிர் அவனை வாசல் மிதிக்க விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு ஆள் சோதனைக்கு வந்தான். பெட்டிக்கு அடியில் புல் செத்து மண் வெளுத்துக் கிடந்தது. "இங்கே புல் இருந்தாகணும்மா, இது விதி. அடுத்த தடவை வர்றப்போ பச்சையா இருக்கணும்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். மதினிக்கு அது பெரிய அவமானம். அத்தனை வருஷத்தில் நோட்டில் ஒரு குறை சொன்னதில்லை.

புல் வளர எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், கிடை போடுவது. ராத்திரி ராத்திரி ஆட்டை வேலிப்படலுக்குள் அடைத்து, நிலத்துக்கு நிலம் படலை நகர்த்திக்கொண்டே போவோம். ஆடு படுத்த இடம் அடுத்த வசந்தத்தில் கறுத்துப் பச்சை அடிக்கும். மதினி கேட்டாள், பெச்சிர் போட்டான். ஆபீஸ் வேலியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, பெட்டிக் காலுக்குச் சாக்கு சுற்றி, அக்டோபரில் நாலு ராத்திரி அறுபத்து நாலு ஆட்டையும் அந்தப் பத்தடிக்குள்ளும் சுற்றிலும் நெருக்கி அடைத்தான். புழுக்கையும் மூத்திரமும் பழைய வைக்கோலுமாக ஒரு சாண் உயரத்துக்கு மிதிபட்டுக் கிடந்தது. மதினி மேலே மண் தூவி மூடினாள். ஆபீஸ்காரன் கேட்டால் சொல்லக்கூடாத வேலை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் செய்தோம், படல் பிடித்தது நான்.

குளிர்காலத்தை எங்களிடம் எண்ணித்தான் கழிப்பார்கள். டிசம்பர் இருபத்தொன்றிலிருந்து நாற்பது நாள், அது கொல்லும் குளிர். அதற்குப் பிறகு ஐம்பது நாள், அது இழுக்கும் குளிர். நாற்பது முடிகிற அன்று போரில் பாதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடு வசந்தம் பார்க்காது. ஐம்பதுக்குள் வானத்திலிருந்து மூன்று நெருப்புக் கங்கு விழும் என்பார்கள். முதல் கங்கு காற்றில், ஒரு வாரம் கழித்து இரண்டாவது தண்ணீரில், இன்னொரு வாரம் கழித்து மார்ச் ஆறாம் தேதி மூன்றாவது மண்ணில். மண்ணில் கங்கு விழுந்தால் குளிருக்கு முதுகெலும்பு முறிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பனி பெய்தாலும் நிற்காது.

அந்த நாற்பதில் பனியே விழவில்லை. வெறும் உறைபனி, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று வரை இறங்கியது. போர்வை இல்லாத மண் ஒரு முழ ஆழத்துக்குக் கல்லாகிவிட்டது. நாற்பது முடிந்த அன்று பெச்சிரிடம் ஒரு போர் முழுசாக இருந்தது. சரியாகப் பாதி. அவன் அன்று போருக்கு முன்னால் நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். "தாண்டிருவோம் காமில்" என்றான் என்னிடம். நானும் தலையை ஆட்டினேன்.

பிப்ரவரியில்தான் பனி விழுந்து மேட்டை மூடியது. பொத்கோராவில் நாஸிஃபுக்கு அந்த மாத நடுவிலேயே புல் தீர்ந்தது. நாலு மாடு அவனுக்கு. ஐந்து பிள்ளைக்கும் அந்தப் பால்தான்.

மூன்றாவது கங்கு நாள் கழிந்து மூன்றாம் நாள், சறுக்கு வண்டியும் குதிரையுமாக நாஸிஃப் வந்தான். அக்கா வீட்டுக்கு நேராகப் போகக் கூச்சம். ஊர் முனையில் இருக்கிற என் வீட்டு வாசலில் நின்றான். குதிரையின் விலா எலும்பை எண்ணலாம்.

"மச்சான், பெச்சிர் எப்படி இருக்கான்?"

"போர் எப்படி இருக்குன்னு கேளு."

"சரி, போர் எப்படி இருக்கு?"

"இருக்கு."

அவன் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கையை நீட்டினான். என் மனைவி மக்காச்சோளக் களி கிண்டிப் பாலாடைக் கட்டி போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. "ரெண்டு மாடு படுத்துருச்சு. நானும் பசங்களும் வயித்துக்கு அடியில கயிறு போட்டுத் தூக்கி நிறுத்தறோம். நிக்குது. கயித்த எடுத்தா படுக்குது" என்றான்.

நான் போய்ப் பெச்சிரிடம் சொன்னேன். தீகா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஆரம்பிச்சிருச்சா? எங்க வீட்டு ஆடு என்ன, காத்தக் குடிச்சா உசுரோட இருக்கும்?" என்றாள். பெச்சிர் வெளியே போனான். மதினி பால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு அவன் பெட்டிப் பக்கம் நடந்தான். நான் என் வீட்டுக்குத் திரும்பி நாஸிஃபோடு உட்கார்ந்தேன். அதனால் அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பெச்சிர் பல தடவை சொன்னதைத்தான் எழுதுகிறேன். வார்த்தை மாறாமல் சொல்வான்.

"மதினி, சுத்தி வளைக்காமக் கேக்கறேன். ஒரு போருதான். குளிரு முடிஞ்சிருச்சுன்னா பாதி குடுத்துடறேன், அவனும் நம்ம ஆளு. முடியலேன்னா ஒரு கத்தை குடுக்க மாட்டேன், அவன் வாசல்ல வந்து விழுந்தாலும் சரி. சொல்லுங்க."

"நான் சொல்றவ இல்ல பெச்சிர். உனக்குத் தெரியும்."

"தெரியும். இன்னைக்குச் சொல்லுங்க."

"எலும்பு பாக்கறவனக் கேளு."

"எலும்பு பாக்கறவன் நாலு பேரு நாலு சொல்லுவான். உங்களத்தான் கேக்கறேன்."

மேடு முழுக்க வெள்ளையாகத் தகடு போட்டுக் கிடந்தது. பெட்டியைச் சுற்றி மட்டும் பனி கரைந்து கறுப்பு மண் தெரிந்தது. மதினி மண்டியிட்டு உட்கார்ந்தாள். மண்ணுக்குள் போகிற கண்ணாடியைச் சால்வை நுனியால் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள் என்பான் பெச்சிர்.

"நாலு."

"நாலுன்னா?"

"மண்ணுக்குள்ள நாலு டிகிரி சூடு."

"கங்கு விழுந்திருச்சா மதினி?"

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"விழுந்திருச்சு. குடு."

பெச்சிர் போரை நடுவில் அரிவாளால் கோடு போட்டு வெட்டினான், ரொட்டியை வெட்டுகிற மாதிரி. ஓரம் இவனுக்குக் கூடாமல், அவனுக்குக் குறையாமல். இரண்டு நாள் நானும் நாஸிஃபும் ஏற்றினோம். கடைசி வண்டி கிளம்பும்போது மதினி வேலி ஓரமாக நின்றாள். தம்பி அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். "போ, இருட்டறதுக்குள்ள போ" என்று கையை உருவிக்கொண்டாள்.

பதினோரு நாள் எங்களைப் போல் ராசாக்கள் இல்லை. கூரையிலிருந்து சொட்டியது. தெற்குச் சரிவில் மஞ்சள் பூ ஒன்றிரண்டு வந்தது. ஆடுகள் ஈன ஆரம்பித்தன. தொழுவத்தில் குட்டிச் சத்தம். பெச்சிர் கையில் இரண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். "பெட்டிக்காரி வாயத் திறந்தா பொன்னுதான்யா" என்றார்கள் காபிக் கடையில். "இருபது வருஷமா சேத்து வச்சு ஒண்ணு சொன்னா பாரு."

மார்ச் இருபத்தொன்று, ஐம்பதின் கடைசி நாள். பெண்கள் பணியாரம் சுட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மதினி பெட்டியைப் பார்க்கப் போனபோது காற்று வடக்கே திரும்பிவிட்டது. அவள் உள்ளே வந்து அடுப்பில் விறகு வைத்தாள். சாயங்காலம் பனி தொடங்கியது. நாலு நாள் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கோல் வைத்து அளந்து போனில் சொன்னாள், தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர். அந்தப் பக்கம் இருந்தவன் நம்பவில்லை.

"அம்மா, திரும்ப அளந்து பாருங்க. நாப்பத்தொம்பதா இருக்கப் போவுது."

"மூணு தடவ அளந்துட்டேன்."

"மார்ச் கடைசிம்மா."

"எனக்கும் தேதி தெரியும் தம்பி."

பனி விழுந்ததோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு மேல் உறைந்தது. ஏப்ரல் இருபது வரை புல்லின் நுனி தெரியவில்லை. பெச்சிரின் பாதிப் போர் மாதத் தொடக்கத்திலேயே கம்பைக் காட்டிவிட்டது. ஊரில் யாரிடமும் கடன் கேட்க முடியாது, எல்லோர் கம்பும் தெரிந்தது. மெத்தையைக் கிழித்து உள்ளே இருந்த வைக்கோலைப் போட்டான். நானும் என் மெத்தையைக் கிழித்தேன். ஊசியிலை மரக்கிளையை வெட்டி இழுத்துவந்தோம். ஆடுகள் தின்னும், பிறகு வாயில் நுரை தள்ளி நிற்கும். ஈன்ற ஆட்டுக்குப் பால் இல்லை. முதலில் குட்டிகள் போயின, ஒவ்வொரு காலையும் ஐந்து, ஆறு. அடுத்தது தாய்கள். கடைசி வாரத்தில் ஒன்றின் முதுகு ரோமத்தை ஒன்று பிய்த்துத் தின்றன. தோல் தெரிய நின்ற ஆடுகளைப் பெச்சிர் தன் கோட்டைப் போட்டு மூடினான், ஒரு கோட்டை எத்தனை ஆட்டுக்குப் போடுவது.

அறுபத்து நாலில் பதினேழு நின்றது.

பொத்கோராவில் நாலு மாடும் போய்விட்டது. பாதிப் போர் அங்கேயும் எட்டவில்லை. இரண்டு தானாக விழுந்தன, மூன்றாவதை நாஸிஃப் கறிக்காவது ஆகட்டும் என்று அறுத்தான், கறியே இல்லையாம் அதில். நாலாவது கயிற்றில் தொங்கிக்கொண்டே செத்தது. போரை வெட்டாமல் ஒரு வீட்டிலேயே விட்டிருந்தால் அந்த ஒரு வீடாவது தாண்டியிருக்கும். அப்படித் தாண்டியிருக்குமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

செத்த ஆடுகளைப் புதைக்க வேண்டும், நரி ஓநாய் வந்துவிடும். பெச்சிரும் நானும் கடப்பாரை எடுத்துக்கொண்டு அலைந்தோம். எங்கே குத்தினாலும் கல். கை அதிர்ந்து தோள்வரை வலித்தது. சலித்துப்போய்ப் பெச்சிர் வீட்டுக்குப் பின்னால் ஆபீஸ் வேலியை ஒட்டிப் பனியைத் தள்ளிவிட்டு ஓங்கிக் குத்தினான். கடப்பாரை வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கியது. உருவினான். ஓட்டையிலிருந்து ஆவி வந்தது. குனிந்து கையால் தோண்டினான். கறுப்பாக, வெதுவெதுவென்று, வைக்கோலும் புழுக்கையும்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மதினியக் கூப்பிடு" என்றான்.

அவள் வந்தாள். அவன் கையில் இருந்ததை நீட்டினான்.

"மதினி, இது நாம போட்ட கிடை."

"ஆமா."

"மண்ணு சூடு இல்ல. எருவு சூடு."

"ஆமா பெச்சிர்."

அவள் எருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெச்சிர் தோண்ட ஆரம்பித்தான். வேறே எங்கே தோண்டுவது? நாற்பத்தேழையும் குட்டிகளையும் அங்கேதான், வேலியை ஒட்டி, மூன்று குழியாகப் போட்டோம். கிடையின் சூடு கண்ணாடியில் ஏறிய கதை பொத்கோரா வரை போனது.

பெச்சிர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தீகா திட்டினாள், ஆனால் அவள் முகத்துக்கு நேராக இல்லை, அடுப்பைப் பார்த்து, சட்டியைப் பார்த்து. "சட்டிக்கெல்லாம் சோறு போட்டு வளர்த்தா சட்டி வேற வீட்டுக்குப் பொங்குது" என்பாள். மதினி தன் ரொட்டியைத் தனியாகச் சுட ஆரம்பித்தாள். ஒரே முற்றத்தில் இரண்டு உலை.

மே மாதம் நாஸிஃப் வந்தான், வெறுங்கையோடு நடந்து. மதினி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நின்று "அக்கா" என்றான். அவள் திரும்பவில்லை. பெட்டிக் கதவைத் திறந்தபடி, எண்ணைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். ஒரு எண்ணைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் என் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பிறகு அவள் உயிரோடு இருக்கும்வரை வரவில்லை.

இலையுதிர்காலத்தில் பெச்சிர் பதினேழையும் விற்றுவிட்டு நோவி பஸார் பட்டணத்துக்குக் குடி போனான், மரக் கிடங்கில் வேலை. சாமான் ஏற்றுவதற்கு முதல் நாள் வானம் மந்தாரமாக இருந்தது. அவன் பழக்கதோஷத்தில், "மதினி, நாளைக்கு மழை வருமா, படுதா போடணுமா?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"தெரியலப்பா" என்றாள் அவள்.

"நீங்களும் வந்துடுங்க. ஒரு மூலை இருக்கும்."

"ஆபீசுக்கு யாரு எழுதறது?" என்றாள். தீகா வண்டியில் ஏறி முன்னால் பார்த்துக்கொண்டாள்.

அதற்கு மேல் ஒன்பது வருஷம் மதினி அந்த வீட்டில் தனியாக இருந்தாள். மூன்று வேளையும் எழுதினாள். ஆபீஸ்காரன் கேட்ட புல் முளைத்தது, அந்த மேட்டிலேயே அப்படிப் புல் கிடையாது, இடுப்புக்கு வந்தது. அதை அவள் வெட்டி ஓரமாகப் போடுவாள், அள்ளிக்கொண்டு போக யாரும் வரவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வழியில் பார்த்தால் ஸலாம் சொல்வார்கள், வானத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் அவள் கடந்து போகும்வரை நிறுத்துவார்கள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு தடவை நாற்பதுக்குள் மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி போட்டுச் சின்னக் கோப்பையில் ஊற்றினாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"காமில், எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

"எது மதினி?"

"கிடை. கண்ணாடியத் தொடைக்கும்போதே ஞாபகம் வந்துருச்சு. நாலுன்னு இருக்கு, இது மண்ணு இல்ல எருவுன்னு தெரிஞ்சுது. தொடச்சுக்கிட்டே இருந்தேன். கயித்துல மாட்டத் தூக்கி நிறுத்தறாங்கன்னு நீ பெச்சிர்கிட்டச் சொன்னது காதுல கெடந்துச்சு. ஒருவேளை எருவுக்குக் கீழ மண்ணும் சூடாத்தான் இருக்குமோன்னு நினைச்சேன். அப்படி நினைக்கணும்னு நினைச்சேன். சொல்லிட்டேன்."

"அல்லா மன்னிப்பான் மதினி."

"அவன் மன்னிப்பான். அவன்கிட்ட ஆடு இல்ல."

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள், நானும் கேட்காமல் குடித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. நானாகவே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பெச்சிரும் இல்லை, தீகாவும் இல்லை, நாஸிஃபும் இல்லை. இனிச் சொன்னால் யாருக்கும் குறைவதற்கு ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவள் ஜூன் மாதத்தில் போனாள். போன் வரவில்லை என்று ஆபீஸ்காரர்கள்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்த்தலைவருக்குப் போன் போட்டு, அவர் எனக்குச் சொல்லி, நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் இருந்தாள், முதல் நாள் ராத்திரி ஒன்பது மணி வரை எழுதியிருந்தது. நோவி பஸாரிலிருந்து பெச்சிர் வந்தான். பொத்கோராவிலிருந்து நாஸிஃப் வந்தான், நரைத்து, ஒரு பல்கூட முன்னால் இல்லை. ஆண்கள் எட்டுப் பேர்தான் தூக்கினோம். பெச்சிரும் நாஸிஃபும் ஒரே கம்பின் இரண்டு பக்கம். மண் போட்டு முடித்ததும் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். பெச்சிர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நாஸிஃப் என் வீட்டுக்கு வந்தான். பழைய இடத்திலேயே, அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். வெயில் காலம், அடுப்பு எரியவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். நெசத்தைச் சொல்லணும்."

"கேளு."

"அன்னைக்கு அக்கா பெச்சிர்கிட்டக் குடுன்னு சொன்னப்போ, அங்க கிடை போட்டது அவளுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

நான் யோசித்தேன். ஆமாம் என்றால் நாற்பத்தேழு ஆட்டையும் இவன் தலையில் தூக்கி வைத்த மாதிரி ஆகும். பல்லில்லாத வாயோடு, இன்னும் எத்தனை வருஷம் சுமப்பான்? செத்தவளுக்கும் கெட்ட பேர்.

"இல்ல நாஸிஃப். சுத்தமா மறந்துட்டா, பாவம். கண்ணாடியப் பாத்தா, நாலுன்னு இருந்துச்சு, சொன்னா. அவ்வளவுதான். என்கிட்டயே சொல்லியிருக்கா."

அவன் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அப்போ எனக்காகச் சொல்லல."

"என்ன?"

"பத்து வருஷமா அதத்தான் மச்சான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். மாடு போச்சு. பெச்சிர் குடும்பம் போச்சு. அக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எல்லாம் போகட்டும், ஆனா என்னைத் தூக்கி வளர்த்தவ எனக்காக ஒரு பொய் சொன்னா, அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாக்க முடியாம நின்னான்னு நினைச்சிருந்தேன்." கோப்பையை வைத்தான். "சும்மா தப்பாப் பாத்துட்டாளா. சரி."

நான் வாயெடுத்தேன். ஆனால் இப்போது மாற்றிச் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைப்பான். அப்போதும் சொல்லிப் பார்த்தேன்.

"நாஸிஃப், அப்படி இல்ல, அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு..."

"விடு மச்சான்" என்று என் முழங்காலில் தட்டினான். "நீ நல்லவன். எப்பவுமே நல்லவன்."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். பொத்கோராவுக்கு இரண்டு மணி நேர நடை. பாதிவரை கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான்.